அம்மாவின் வெளுத்த இமை

றொசல்ல தேயிலைத் தோட்டம்
12.2.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. நான் பிள்ளை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். மாயாண்டி மாமாவிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய சேலையும் வழக்கமான முழங்கால் மாத்திரையும் வந்தன. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. ஆனால் ஆள் வெளுத்துக்கொண்டே போகிறாள். மலை ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருகிறாள்.

நம் தோட்டத்து மருந்தறை டிஸ்பென்சர் ஐயா இமையை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. வயிற்றுப் பூச்சிதான் என்று மூன்றாம் முறையாகப் பூச்சி எண்ணெயும் இரும்பு மருந்தும் கொடுத்தார். வெளிக்குக் கறுப்பாகப் போகிறதே என்றேன். "இரும்பு மருந்து குடிச்சா கறுப்பாத்தான் போகும். அறுபத்திரண்டு வயசுல இன்னும் என்ன ரத்தம் ஊறப்போகுது?" என்று சிரித்தார். வேலைக்கு லாயக்கில்லை என்று அவர் துண்டு எழுதினால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று அம்மா வாயே திறப்பதில்லை.

உங்கள் தங்கை,
நாகலெட்சுமி

கொழும்பு
19.2.1961

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயசு என்ன வியாதியா? துரையின் நாய் இரண்டு தரம் இருமினால் நுவரெலியாவிலிருந்து வைத்தியர் ஓடி வருகிறார். நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவளுக்குப் பூச்சி எண்ணெய்! அந்த ஆளைத் தோட்டத்தை விட்டே அனுப்பச் சொல்லித் துரைக்கு மனு எழுதிவிட்டேன். இங்கிலீஷ் மருந்துக்கடையில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன், எனக்கு மருந்து தெரியாதா?

அம்மாவை உடனே கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இத்துடன் இன்னும் நூறு மாத்திரை வருகிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் போடச் சொல். அப்போதுதான் சீக்கிரம் கேட்கும்.

அண்ணன்,
சின்னத்தம்பி

கண்டி
6.3.1961

அண்ணனுக்கு,

வியாழக்கிழமை அம்மா கூடையோடு மலையில் விழுந்துவிட்டாள். கொழுந்து லொறியில் போட்டுக் கொண்டுவந்தோம். இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தாள்.

இங்குள்ள டாக்டர் இமையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு மருந்து எதுவும் இல்லை என்று அம்மா சாதித்தாள். நான் அவள் வெற்றிலைப் பையை அவிழ்த்துக் கொட்டினேன். டாக்டர் அதில் இருந்த முழங்கால் மாத்திரையை எடுத்துப் பார்த்தார். "இதுதான் வயித்தப் புண்ணாக்கியிருக்கு. அங்கேருந்து சொட்டுச் சொட்டா ரத்தம் போயிருக்கு. கறுப்பா போனது அதுதான்" என்றார். இரண்டு வருஷமாக, தினம் மூன்று, வெறுஞ்சாயத் தேநீரோடு விழுங்கியிருக்கிறாள். இன்னொரு தரம் இப்படி ரத்தம் போனால் பிழைப்பது கஷ்டமாம்.

உங்கள் மனுவுக்குத் துரை விசாரணை வைத்திருக்கிறார். சாட்சி சொல்ல நான் போகவேண்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகன் குடுத்ததுன்னு சொல்லிராதடி. மாத்திரையும் டிஸ்பென்சர் குடுத்ததுன்னு சொல்லு" என்கிறாள்.

நான் பொய் சொல்லமாட்டேன், அண்ணா. பாராமல் எண்ணெய் ஊற்றியவரையும் விடமாட்டேன். மருந்துக்கடையில் இருந்துகொண்டு யாரையும் கேட்காமல் அனுப்பிய உங்களையும் விடமாட்டேன். யாரை அதிகமாக வெறுப்பது என்றுதான் தெரியவில்லை.

நாகலெட்சுமி

கொழும்பு
10.3.1961

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. பிறகு கடைக்குப் போய் அந்த மாத்திரைப் போத்தலை முதலாளியிடம் நீட்டி, இதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சாப்பாட்டுக்குப் பின், வயிற்றுவலி இருந்தால் கூடாது என்று படித்துச் சொன்னார். ஏழு வருஷமாக நான் தூசி தட்டுகிற போத்தல். கேட்டது இதுதான் முதல் தடவை. வெறும் வயிறு என்பது என் சொந்த வைத்தியம்.

மனுவை நான் திரும்பப் பெறமாட்டேன். கிழவிக்கு எதற்கு ரத்தம் என்று சிரித்தவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் மாத்திரை கொடுத்தது மகன் என்று புது மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். அவர் கேட்காமல் கொடுத்தார். நானும் கேட்காமல்தான் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். புது மனுவின் நகல் இத்துடன் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டு. என் பெயர் வரும் இடத்தில் உன் வாயைப் பொத்த வருவாள். நிறுத்தாதே, கடைசி வரி வரை படி.

சின்னத்தம்பி