இலைக்கடியில் இருந்த பூச்சி

நவ. 4, செவ்வாய்

காலையில் தூறல், அப்புறம் வெறித்துவிட்டது. பருத்திக் காட்டில் களை. பாதிதான் முடிந்தது.

இலைக்கடியில் அந்தப் பூச்சி. கறுப்பு, நீளம், ஆறு கால், முதுகெல்லாம் முள், ஆரஞ்சுப் புள்ளி. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும். களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கும் முதலில் பார்த்தது நான்தான். "ஏங்க, என்னமோ புதுப் பூச்சி, செடியத் தின்னுப்புடும் போல" என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உச்சி வெயிலில், எதிர்காற்றில் மருந்து அடித்தார். சாயங்காலம் வாந்தி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

நவ. 5, புதன்

மூட்டம். ரேஷனில் துவரம் பருப்பு வரவில்லை.

நிலத்தை இப்போது கொழுந்தன் செல்வம்தான் பார்க்கிறார். சொல்லாமல் முடியாது, சொன்னேன்.

"அதே பூச்சியா அண்ணி? சனிக்கிழம மருந்து வாங்கியாந்து அடிச்சுடறேன்."

இது என்ன பூச்சி என்று அன்றைக்கு யாரிடமும் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்க வேண்டும்.

நவ. 6, வியாழன்

மாத்திரை டப்பாவில் இரண்டு பூச்சி, ஒரு இலை. பஸ்ஸில் பெரம்பலூர். வேளாண்மை ஆபீஸில் ஒரு மணி நேரம் காத்திருப்பு. மேடம் சின்ன வயசு. லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"பொறிவண்டோட புழும்மா இது. செவப்பா, புள்ளி வச்சிருக்குமே, அந்த வண்டு. செடில சாறு உறிஞ்சுற அசுவினியத்தான் திங்கும், செடியத் தொடாது. நல்லது செய்யுற பூச்சி. மருந்து அடிச்சுடாதீங்க."

"நெசமாவா மேடம்?"

"நெசந்தாம்மா. பயந்துட்டீங்களா?"

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. உட்காரவில்லை.

நவ. 7, வெள்ளி

மகள் ஸ்கூலில் மீட்டிங். டீச்சர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை.

வரும் வழியில், தூரத்தில் ஒருத்தர் முதுகில் டேங்கோடு மருந்து அடித்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரரின் அதே நடை, இடது தோள் சாய்ந்து. பக்கத்துக் காட்டுக்காரர்தான். தெரிந்தும் அவர் திரும்புகிற வரைக்கும் நின்றேன்.

செல்வத்திடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அண்ணன் எதற்காகச் செத்தார் என்று கேட்பார். சொல்லாவிட்டால் நாளைக்கு அவர் முதுகில் டேங்க்.

நவ. 8, சனி

வெயில். ஏழு மணிக்கே செல்வம், கையில் மருந்து பாட்டில்.

"அடிக்க வேணாம் தம்பி. அது நல்ல பூச்சியாம். ஆபீஸ்ல காட்டிட்டு வந்தேன்."

"அன்னிக்கி இருந்ததும் இதானா?"

"இதேதான். அவருகிட்ட காட்டுனது நான்தான் தம்பி."

பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டியில் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

நவ. 9, ஞாயிறு

காற்று. காட்டுக்குப் போனேன். செல்வம் எனக்கு முன்னாலேயே அங்கே. ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"அன்னிக்கி மருந்து வாங்கியாந்தது நான் அண்ணி. பத்தாது, ரெண்டு மூடி சேத்து ஊத்துன்னு சொன்னதும் நான்தான்" என்றார்.

அடுத்த செடிக்குப் போனார்.