கம்பெனி வைக்க முடியாத நோன்பு

செப்டம்பர் 1, 1997. திங்கள். நோன்பு 54.

காற்றே இல்லை. ஒரே புழுக்கம். காலையில் பிக்கப்பின் கண்ணாடி முழுக்க வெளிப்பக்கம் தண்ணீர். வைப்பர் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

முட்டை 30 கார்ட்டன், ரொட்டி 12 தட்டு. அஜ்மானில் ஆறு கடை, ஷார்ஜாவில் ஒன்பது.

இந்த வாரம் பார்க்க வேண்டியவை:
- முல்கியா, அதாவது வண்டி ரெஜிஸ்ட்ரேஷன், 10ஆம் தேதி முடிகிறது. அதற்குள் இன்சூரன்ஸ் புதுப்பிக்கணும்.
- பின் டயர் இரண்டும் மொட்டை. மாற்றாமல் பாஸிங் சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்புவான்.
- ஊருக்கு டிக்கெட் 11ஆம் தேதிக்கு. கன்ஃபர்ம் செய்யணும்.
- பிள்ளைக்குச் செருப்பு. நாலு வயசுக் காலுக்கு என்ன அளவு என்று தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

இன்னும் ஆறு நோன்பு. எழுதக்கூடப் பயமாக இருக்கிறது. எழுதினால் ஏதாவது வந்து கெடுத்துவிடும் என்று ஒரு கிறுக்கு எண்ணம்.

செப். 2. செவ்வாய். நோன்பு 55.

ஷார்ஜா போகும் வழியில் அந்த சர்வீஸ் ரோட்டுத் திருப்பம். இன்றும் அந்த மனுஷர் நின்றார். நிற்பது என்றுகூடச் சொல்ல முடியாது. குனிந்து மணலில் தேடிக்கொண்டிருந்தார். நாற்பதில் போனேன். பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தே என்னைத் தின்றுவிட்டான்.

பேய் பிசாசு என்று நான் நம்புகிறவன் இல்லை. கண் வலி, வெயில், வெறும் வயிறு, என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செல்லையா. சிவகங்கைப் பக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நாள், இதே திருப்பத்தில் என் வண்டி அவரை அடித்துப் போட்ட பிறகு மடியில் தூக்கி வைத்தேன். "அண்ணே, செருப்பு ஒண்ணு காணலண்ணே" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. நானும் மடையன் மாதிரி தேடப் போனேன். எடுத்துக்கொண்டு வந்தபோது முடிந்திருந்தது.

செப். 3. புதன். நோன்பு 56.

தலைவலி. சுலைமானி டீ இல்லாத தலைவலிதான், 56 நாளாகியும் விடமாட்டேன் என்கிறது.

ஊரிலிருந்து ஜமீலா கடிதம். எப்போதும் மூன்று பக்கம் எழுதுகிறவள், இந்தத் தடவை ஐந்து வரி. "இந்தத் தடவையாவது சொன்ன தேதிக்கு வாங்க மச்சான். பிள்ளைட்ட நாளு எண்ணச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

நோன்பை முடிக்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்று நிய்யத் வைத்தது நான். அவளிடம் கேட்கவா செய்தேன். கேஸ் முடிந்ததும் பள்ளி ஹஜரத்திடம் போனேன், எல்லாம் முடிந்ததா என்று கேட்க. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உசுருக்குள்ள தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிருச்சு. தவறிப்போய் ஒரு உசுரு போனா அடுத்தடுத்து ரெண்டு மாசம் நோன்பும் வைக்கணும். இடையில ஒண்ணு விட்டாலும் திரும்ப ஒண்ணுலேர்ந்து. அதைக் கம்பெனி வைக்க முடியாது."

முதல் தடவை: 53 முடித்தேன். எந்த மடையனும் காலண்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவான். நான் பார்க்கவில்லை. நடுவில் ஹஜ்ஜுப் பெருநாள். அன்று நோன்பு வைக்கவே கூடாது. போச்சு. ஊரெல்லாம் பிரியாணி, நான் பாத்ரூமில் போய் அழுதேன்.
இரண்டாம் தடவை: 22ஆம் நாள் டைஃபாய்டு.
இது மூன்றாவது.

செப். 4. வியாழன். நோன்பு 57.

இன்சூரன்ஸ் ஆபீசுக்கு போன் செய்தேன். ஜோஸ் எடுத்தான். "இக்கா, உங்க மூணு வருஷம் முடிஞ்சல்லோ. இனி எக்ஸ்ட்ரா இல்ல. அர்பாபோட லெட்டரும் வேண்டாம். சனிக்கிழமை வாங்க."

மூன்று வருஷமாக மற்றவர்கள் கட்டுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டியிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வருஷமும் என் அரபி முதலாளி அர்பாப் வீட்டு மஜ்லிஸில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து, "இவன் ஒழுங்காக ஓட்டுவான், நான் பொறுப்பு" என்று லெட்டர் வாங்க வேண்டும். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி ஏதோ சொல்வார். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை 'மௌத்', சாவு. இனி அது இல்லை.

சந்தோஷமாகத்தான் இருக்கணும். பாலிஸித் தாளில் கீழே ஒரு வரி இருக்கும், இந்த டிரைவரால் ஓர் ஆள் இறந்திருக்கிறார் என்று. இந்த நாட்டில் செல்லையாவைப் பற்றி வருஷா வருஷம் எழுதப்படுவது அந்த ஒரு வரிதான்.

செப். 5. வெள்ளி. நோன்பு 58.

ஜும்ஆ. பள்ளியில் ஏ.சி. ரிப்பேர்.

செருப்புக் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே வரிசையாக ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறான். முருகேசனிடம் காசைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னேன். புதுக்கோட்டைக்காரன், சிமெண்ட் ப்ளாக் கம்பெனியில் வேலை, இரண்டு வருஷமாக ஒரே ரூம். 58 நாளும் எனக்கு முன்னால் எழுந்து "பாய், நேரமாச்சு, சாப்பிடுங்க" என்று ஸஹருக்கு எழுப்பியவன். எதற்கு இந்த நோன்பு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரூமில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

மூன்று அளவில் மூன்று ஜோடி வாங்கி வந்திருக்கிறான். "எதாச்சும் ஒண்ணு பத்தும்ல பாய்." நல்ல மனுஷன், கணக்குத்தான் வராது.

இன்னும் இரண்டு.

செப். 6. சனி. நோன்பு 59.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பதினொரு மணிக்கு ஜோஸ் ஆபீஸ். உள்ளே நல்ல குளிர். ஃபாரத்தை அவனே நிரப்பிக்கொண்டு வந்தான். ஒரு கேள்வி: கடந்த மூன்று வருஷத்தில் விபத்து உண்டா? அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இல்ல" என்று எழுதிவிட்டு என் பக்கம் தள்ளினான். தேதிப்படி சரிதான், மூன்று வருஷமும் நாலு நாளும் ஆகிறது. கையெழுத்துப் போட்டேன். சீல் விழுந்தது. தொகையைப் பார்த்தேன், எல்லாரும் கட்டுகிற தொகை. புதுப் பாலிஸி, கீழே அந்த வரி இல்லை.

"கலாஸ் இக்கா, எல்லாம் முடிஞ்சு. நீங்க இப்ப புது டிரைவர்" என்றான். நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். ஆபீஸ் பையன் தட்டை நீட்டினான், எடுத்துக் குடித்தேன். சுலைமானி, புதினா போட்டது. ஊர், பிள்ளை, விமானத்தில் எந்தப் பக்கம் சீட்டு என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டே குடித்தேன்.

பாதி கிளாஸ் போன பிறகு சுவரில் காலண்டர் கண்ணில் பட்டது. நோன்பு. உடனே நிறுத்திவிட்டேன்.

மறந்து குடித்தால் முறியாது. சின்ன வயசு முதல் தெரிந்த சட்டம்.

திரும்பும்போது அந்தத் திருப்பத்தில் யாரும் இல்லை. மணல் மட்டும். வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் அந்த மனுஷனை மறந்திருக்கிறேன். ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம்.

செப். 7. ஞாயிறு. நோன்பு 60.

ஹஜரத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.
"மறந்துதானே குடிச்சீங்க?"
"ஆமா ஹஜரத்."
"அப்ப அது அல்லாஹ் உங்களுக்குக் குடிக்கக் குடுத்தது. நோன்பு கூடும், முறியல. இன்னைக்கோட முடியுது. ஊருக்குப் போயிட்டு வாங்க."

மஃரிபுக்கு நோன்பு திறக்க முருகேசன் பேரீச்சம்பழமும் ஒரு டப்பா அல்வாவும் வாங்கி வைத்திருந்தான். "முடிச்சிட்டிங்க பாய்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. அல்வா டப்பாவை அவன் பக்கமே நகர்த்தினேன்.

பெட்டி கட்டினேன். பாதி கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

செப். 8. திங்கள்.

சனிக்கிழமை எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை.

காலண்டரைப் பார்த்தபோது வாயில் ஒரு மடக்கு இருந்தது. நோன்பு 59 என்று தெளிவாக நினைவு வந்தது. காலடியில் குப்பைக் கூடை இருந்தது, துப்பியிருக்கலாம். ஜோஸ் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் துப்ப வெட்கப்பட்டு, தெரிந்தே விழுங்கினேன். பாதி கிளாஸுக்கு மன்னிப்பு உண்டு. அந்த ஒரு மடக்குக்கு இல்லை. ஜோஸின் ஃபாரத்துக் கேள்விக்கும் சரியான பதில், ஹஜரத் கேட்ட கேள்விக்கும் சரியான பதில். இரண்டு பேரும் கலாஸ் என்றுவிட்டார்கள்.

இரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிகாலைப் பாங்குக்கு முன்னால் எழுந்து தண்ணீர் குடித்து நிய்யத் வைத்தேன். முருகேசன் பழக்கத்தில் எழுந்துவிட்டான். "அதான் முடிஞ்சிருச்சே பாய்" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். அவன் அடுப்பைப் பற்ற வைத்து இரண்டு முட்டை உடைத்து ஊற்றினான்.

நோன்பு 1.

இந்தத் தடவை காலண்டரைப் பார்த்துவிட்டேன். நவம்பர் 6இல் முடியும், நடுவில் பெருநாள் இல்லை.

டிக்கெட் கேன்ஸல். சாயங்காலம் போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினேன். டீ, காலண்டர், அந்த மடக்கு, எல்லாம் சொன்னேன். ஜமீலாவுக்குக் கோபம். இருக்காதா.

"ஒரு மடக்குதானே மச்சான். நீங்க வாயைத் தொறக்கலைன்னா யாருக்குத் தெரியப் போவுது? இங்க ஒருத்தி மூணு வருஷமா வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

லைனில் இரைச்சல் மட்டும். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்த ஆளுக்குப் பொஞ்சாதி இருந்துச்சா மச்சான்?"

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை. கோர்ட்டுப் பேப்பரில் வாரிசு என்று இருந்த பெயரைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் என்றும் சொன்னேன்.

"அப்ப அவளும்தான் நாளு எண்ணிக்கிட்டு இருந்திருப்பா" என்றாள் ஜமீலா. "நீங்க வச்சு முடிச்சிட்டே வாங்க."