பானு வரைந்த மொட்டைத் தலைகள்

திருத்தணி

அன்பு மகன் உதயாவுக்கு அம்மா எழுதுவது. நான், உன் நைனா, உன் தங்கை பானு எல்லோரும் முருகன் தயவில் சுகம், புனேவில் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம், முழுசாகப் படி.

பள்ளிக்கூடச் சுவரில் பானு வரைந்ததை வெள்ளையடித்துவிட்டார்கள் என்று சொன்னதும், பேசாம ஒரு மயிலை வரைஞ்சு குடுத்துட்டு வேலையப் பாக்கச் சொல்லும்மா என்றாயே, அது எப்படியடா? ஆண்டு விழாவுக்கு நம் ஊரை வரை என்று கேட்டது அவர்கள்தான். இவள் ஞாயிறு தவறாமல் மலைக்குப் போய், முடி கொடுத்த பெண்கள் குளித்துச் சந்தனம் பூசும் இடத்தில் உட்கார்ந்திருப்பாள், போனும் கிடையாது பேனாவும் கிடையாது, பார்ப்பதோடு சரி. வீட்டுக்கு வந்து கண்ணை மூடித் தன் தலையைத் தானே தடவிப் பார்த்து, நைனா நெய்த புடவைக்குள் வைத்து மடிக்கிற அட்டையில் வரைவாள், சரியில்லை என்று கிழிப்பாள், மறுபடி வரைவாள், சோறு ஆறிப்போகும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வரையக் கூடாதா என்று கேட்டேன். போட்டோன்னா சிரிச்சுடுறாங்கம்மா, மொட்டை அடிச்சதும் முதல் தபா கை தலைக்குப் போவுது பாரு, அங்க கண்ணாடி இல்ல, கையாலயே தன்னைப் பாத்துகினு இருக்காங்க, அந்த மூஞ்சிதான் எனக்கு வேணும் என்றாள். பதினாறு வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது!

சுவரில் மூன்று பெண்கள், மூவர் கையும் தலையில். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, விழாவும் அதுவுமா தாலியறுத்தவங்க மாதிரி மொட்டைப் பொம்பளைங்கள வரைஞ்சு வெச்சிருக்கியே, மயில் போட்டா என்ன என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். மறுநாள் சுண்ணாம்பு. திருத்தணியில் மொட்டை அமங்கலமா? பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே வருவதில் பாதி மொட்டைத் தலை. அந்தம்மா தன் பேரனுக்கு முதல் மொட்டை போட்டதும் இதே மலையில்தான். கொடுத்தால் புண்ணியம், வரைந்தால் அமங்கலமாம். நேரிலேயே போய்க் கேட்டேன். விடு ஜெயம்மா, பொண்ணு அங்கதான் பிளஸ் டூ முடிக்கணும் என்று உன் நைனா கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார், அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

பானு அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள், ஞாயிறு மலைக்கும் போகவில்லை. அண்ணன் சொன்னா மாதிரி மயிலே வரைஞ்சுடறேம்மா, அதான் எல்லாருக்கும் புடிக்குது என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லையடா.

நீ டெங்குவில் கிடந்தபோது என் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டேன். நீயோ, தையில என் கல்யாணம், போட்டோவுல மொட்டையா நிப்பியா, அப்புறம் குடும்மா என்றாய், நானும் தலையாட்டினேன். இனி ஆட்ட மாட்டேன். வருகிற கிருத்திகைக்குக் கொடுக்கப் போகிறேன், பெண் வீட்டாரிடம் நீயே சொல்லிவிடு, மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, தணிகைமலையான் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

நேற்று பானுவிடம், அன்றைக்கு மலைக்கு வந்து என்னை வரைவாயா என்று கேட்டேன். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைகளை இழுத்தாள். பிறகு, உடனே கைய தலைக்குக் கொண்டு போயிடாதம்மா, நான் எதிர்ல வந்து உக்காந்தப்புறம் தொடு என்றாள்.

உன் அம்மா
ஜெயம்மா