பம்பு அவனிடம், வண்டி என்னிடம்

மே 3, 1993. திங்கள்

எனக்குக் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல மருமகள் ஞானஜோதி எழுதுகிறாள். டிராக்டரைப் பிரிக்கப் போகிறேன் என்றதும், எது எங்கிருந்து கழன்றது என்று எழுதி வைக்கலாம் மாமா, திரும்ப மாட்டும்போது உதவும் என்றாள். எனக்கு அதெல்லாம் மனதில் நிற்கும். ஆனாலும் நாளைக்கு என் தம்பி ரத்தினம் ஏதாவது கேட்டால் காகிதத்தில் இருப்பது நல்லது. எழுதும்மா என்றேன்.

இன்று வண்டியைச் சுற்றி இருந்த முள்ளை வெட்டினேன். அவ்வளவுதான்.

மே 5

மகன் சிட்டிபாபுவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. வண்டி நிற்கிற இடத்தில் வாடகைக்கு இரண்டு அறை கட்ட வேண்டும் என்கிறான். ஆவணியில் கொத்தனார் வருகிறாராம். "அதுக்குள்ள ஓடினா ஓடட்டும் நைனா. இல்லாங்காட்டி காயலாங்கடைக்காரன் வந்து தூக்கிக்கினு போவான்."

சேலையூர் காலனியில் கிணறெல்லாம் வற்றிவிட்டது. இங்கே வேங்கைவாசலில் எங்கள் கிணற்றில் இன்னும் ஊறுகிறது. காலனிச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் சார், அவர்கள் சந்துக்குள் லாரி நுழையவில்லை, சின்ன வண்டி இருந்தால் தினமும் தண்ணீர் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். என்னுடையது சின்ன வண்டி. ஒற்றை சிலிண்டர். நுழையும்.

மே 9. ஞாயிறு

பம்பு விஷயத்தையும் எழுதிவிடு என்றேன்.

எங்கள் நைனா வாங்கிய வண்டி இது. அவர் போன பிறகு, எண்பத்தி இரண்டில், எனக்கும் ரத்தினத்துக்கும் பாகம் பிரித்தார்கள். நிலத்தைக் கயிறு போட்டு அளந்தார்கள். கிணற்றுக்கு முறை வைத்தார்கள். டிராக்டரை எப்படிப் பிரிப்பது? நீ எடுத்துக்கொண்டு அவனுக்குப் பணம் கொடு என்றார்கள், நான் மாட்டேன் என்றேன். அவனும் மாட்டேன் என்றான். விற்கவும் இருவருக்கும் மனசில்லை. கடைசியில் பெரியவர்கள் வண்டியை என் வீட்டில் நிறுத்தி, டீசல் பம்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்தால் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்கட்டும் என்றார்கள்.

நின்றது. பதினோரு வருஷம். அவன் பள்ளிக்கரணையில் மாமனார் வீட்டுப் பக்கம் போய்விட்டான். கல்யாணம், கருமாதி என்றால் பார்ப்போம். பேச்சு இல்லை.

இதைச் சொன்னதும் ஞானஜோதி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். கட்டிலைப் பிரித்தால் கால் ஒருவருக்கு, கயிறு ஒருவருக்கா மாமா என்றாள். சிரிக்கிற விஷயம்தான். அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மே 14

பானெட் கழன்றது. மட்கார்டு கழன்றது. காற்றாடிக் கூண்டுக்குள் எலி கூடு கட்டி, என் மனைவி எல்லம்மாவின் பழைய ரவிக்கையை இழுத்துக்கொண்டு போய் மெத்தை போட்டிருக்கிறது. இந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி இரும்பு வரிவரியாக இருக்கும், காற்றாடி ஊதி ஆற்றும். அந்த வரிகளில் மண், குப்பை, குளவிக் கூடு. கம்பி விட்டுச் சுரண்டினேன். முதுகு விட்டுப்போனது.

மே 17

பிஸ்டன் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இம்மி அசையவில்லை. சிலிண்டர் மூடியான ஹெட்டைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து மேலே ஊற்றி விட்டேன். ஊறட்டும்.

மே 22

அசையவில்லை.

மே 27

தாம்பரத்திலிருந்து ஜெபசீலன் வந்தார். மெக்கானிக். புளியங்கட்டையை வைத்து, அவர் மேலே தட்ட நான் ஹேண்டிலைப் பிடித்தேன். பத்து நாளாக அசையாத பிஸ்டன் இன்று விரல் அளவு இறங்கியது. பிறகு ஏறியது. எல்லம்மா அடுப்படியில் இருந்து, இன்னா சத்தம் என்றாள். ஒன்றும் இல்லை, மூச்சு வருகிறது என்றேன்.

ஜூன் 13

பிஸ்டன் ரிங் புதிது. சிலிண்டர் உள்ளுறையான லைனரைத் தாம்பரம் லேத்தில் தேய்த்து வாங்கினோம். டீசலைப் பீய்ச்சுகிற நாசில் பரவாயில்லை. பின் டயர் இரண்டும் பழசு, ரப்பர் போட்டது, ஓடும். டீசல் டேங்கைக் கழுவி வடிகட்டி மாற்றியாயிற்று. எல்லாம் ஆயிற்று, பம்பு தவிர.

சிட்டிபாபு, புது பம்பு வாங்கிடலாம் என்றான். ஜெபசீலன் தேடிப் பார்த்துவிட்டார். இந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்கவில்லையாம்.

ஜூன் 20. ஞாயிறு

பள்ளிக்கரணை போனேன். ரத்தினம் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. அவன் மனைவி செல்லம்மாதான் பாய் போட்டாள். தண்ணீர் வண்டி ஓட்டப்போகிறேன், வருவதில் உனக்கும் சரிபாதி என்றேன்.

"பாதி கேட்டனா?" என்றான்.

பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தான். திறந்தால் முழுக்க எண்ணெய். அதில் முங்கிக் கிடந்தது பம்பு. வருஷா வருஷம் எண்ணெய் மாற்றுவாராம், அவர் பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்ததில்லை என்று செல்லம்மா சொன்னாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வேட்டி பூராவும் எண்ணெய்.

ஜூன் 23

ஓடியது.

ஜெபசீலன் டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டார், நான் ஹேண்டில் போட்டேன். கரும்புகை தெரு முழுக்க. அதே சத்தம், டப் டப் டப் என்று. கொஞ்ச நேரத்தில் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. டேங்கைத் திறந்து பார்த்தேன், டீசல் இருக்கிறது. மறுபடி போட்டால் கிளம்பியது. மறுபடி நின்றது.

ஜூன் 30

தினமும் இதேதான். கால் மணி ஓடும், நிற்கும். டேங்கு மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்கும். மூடிவிட்டு ஹேண்டில் போட்டால் கிளம்பும். தண்ணீர் டேங்கைக் கட்டிக்கொண்டு இப்படி வழியெல்லாம் நின்றால் யார் கூப்பிடுவார்கள்? பம்புக்கு டீசல் சரியாக வரவில்லையோ, இல்லை பம்பே இழுக்கவில்லையோ, சொல்ல முடியவில்லை என்றார் ஜெபசீலன்.

எனக்குத் தெரியும். சும்மாவா கொடுத்தான் ரத்தினம்? பாதி வேண்டாம் என்றானே, ஏன்?

ஜூலை 4. ஞாயிறு

டீக்கடையில் வண்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "உள்ள எதையோ கழட்டிக்கினு பம்ப குடுத்துட்டான் என் தம்பி" என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது.

ஞானஜோதி இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதும்மா. சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 6

ரத்தினம் வந்தான். உள்ளே வரவில்லை. தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீக்கடைப் பேச்சு பள்ளிக்கரணைக்குப் போக ஒரு நாள் போதும்.

"அண்ணா, அதுக்கு எண்ணெ மாத்தினவன் நான். திறந்து பாத்தவன் இல்ல. ஞாயித்துக்கெழம ஸ்பேனரோட வரேன். என் பம்ப நானே கழட்டிக்கினு போறேன்."

எல்லம்மா காப்பி எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் தெருமுனை தாண்டிவிட்டான்.

சிட்டிபாபு காயலான் கடைக்காரரிடம் வண்டியைத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டான் என்று ராத்திரி தெரிந்தது.

ஜூலை 10. சனி

எப்படியும் போகப்போகிற வண்டி, ஒரு தரம் ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்ப்போம் என்று எடுத்தேன். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் வழக்கம்போல நின்றது. மூடியைத் திறந்தேன், கை வழுக்கி, மூடி கால்வாயில் விழுந்தது. தண்ணீர் இல்லை, குப்பைதான். ஆனால் நடுவழியில் வண்டியை நிறுத்திவைத்துத் தேட முடியவில்லை. தோளில் இருந்த துண்டை டேங்கு வாயில் கட்டிவிட்டு எடுத்தேன்.

ஏரிக்கரை போனேன். நிற்கவில்லை. சித்தாலப்பாக்கம் போனேன். நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்ப நடந்து போய்த் தேடி மூடியை எடுத்து வந்தேன். மூடியின் நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று உண்டு. டீசல் இறங்க இறங்க அந்த வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் டீசல் இறங்காது. ஓட்டையைக் காணோம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எல்லம்மா அந்த இடத்தில்தான் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறாள். நின்றுபோன வண்டிக்குப் பதினோரு பூஜை. அதன்மேல் சிட்டிபாபு ஒரு வருஷம் சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறான். சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நின்றபோதெல்லாம் நான் மூடியைத் திறந்தேன், காற்று போனது, அதனால் மறுபடி கிளம்பியது. நானே திறந்து நானே மூடி... டேங்கை இரண்டு தரம் கழுவினேன். மூடியை மட்டும் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை, பொட்டு அழிந்துவிடும் என்று.

எல்லம்மாவிடம் காட்டினேன். "நான் பொட்டு வெச்சதாலதான் இத்தினி வருசம் எவனும் தூக்கிக்கினு போவல" என்றாள்.

பம்பில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 11. ஞாயிறு

ரத்தினம் ஸ்பேனரோடு வந்தான். மூடியைக் கையில் கொடுத்தேன். நகத்தால் சுரண்டினான். புரிந்துவிட்டது அவனுக்கு. நான் வாயைத் திறந்தேன்.

"என்னாண்ட சொல்லாதே" என்றான். "எங்க சொன்னியோ அங்க போய் சொல்லு."

போனேன். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை எப்படி இருக்கும்? பெஞ்சில் இடமில்லை. நின்றபடியே சொன்னேன்: பம்பு நல்ல பம்பு, என் தம்பி ஒன்றையும் கழற்றவில்லை, என் வீட்டுச் சந்தனம்தான் அடைத்துக்கொண்டது, நான் பேசினது தப்பு. ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம் வெளியே சைக்கிளோடு நின்றான். அவன் சிரிக்கவில்லை.

தம்பி என்னோடு திரும்பி வீட்டுக்கு வந்தான். ஸ்பேனரை எடுத்தான். பம்பைக் கழற்றப் போகிறான் என்று நினைத்தேன். பம்பு போல்ட் இரண்டையும் இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். லூஸாக இருக்கிறது என்றான்.

ஜூலை 19

தண்ணீர் டேங்கு வைத்த டிரெய்லர் வந்தது. ஓட்டுவது ரத்தினம். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்க எனக்குக் கழுத்து திரும்பவில்லை. நான் கிணற்றடியில் நிரப்பி விடுகிறேன்.

ஆகஸ்ட் 22

கொத்தனார் வந்தார். அறைகளை மாட்டுக் கொட்டகை இருந்த பக்கம் கட்டச் சொல்லிவிட்டான் சிட்டிபாபு. நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

செப்டம்பர் 12. ஞாயிறு

ரத்தினத்துக்கு நேற்றிலிருந்து ஜுரம். வண்டி போகவில்லை. லக்ஷ்மிநாராயணன் சார் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வண்டி சும்மாதானே நிற்கிறது, உங்களுக்கும் ஓட்டத் தெரியுமே என்றார். தெரியும் என்றேன். பின்னே என்ன என்றார். தண்ணீர் டேங்கு நிறைந்துதான் இருந்தது. கழுத்தும் இன்று பரவாயில்லை.

நாளைக்கு வரும் சார் என்றேன்.

மத்தியானம் எல்லம்மா கொடுத்த கஞ்சியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை போனேன். படுத்தபடியே, வண்டியை யார் எடுத்தது என்று கேட்டான். யாரும் எடுக்கவில்லை, நீ வரும் வரை நிற்கட்டும் என்றேன்.

"காலனிக்காரங்க திட்டுவாங்க அண்ணா."

"திட்டட்டும்."

எழுந்து உட்கார்ந்து, தூக்கிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, கஞ்சியில் உப்பு பத்தவில்லை என்றான்.