காலி இலை

14-7-97, திங்கள்
இன்றும் வீடு சேர மணி எட்டு. பெருங்களத்தூரில் பஸ் நகரவே இல்லை. பக்கத்து வீட்டு பேபி அக்கா மடியிலேயே குழந்தை தூங்கிவிட்டாள். "ஜோதி, உன் பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு நாளாவது அஞ்சு மணிக்குக் கிளம்பேன்." ஜப்பானிலிருந்து வந்திருக்கும் ஒகாதா சார் மீட்டிங்கை முடித்தால்தானே? அவர் பேசுவதைத் தமிழில் சொல்லத்தான் மறைமலை நகர் ஃபாக்டரியில் எனக்கு வேலை. அதுவும் தற்காலிகம். எந்த முகத்தோடு கேட்பது?

15-7-97
மதியம் அவருக்கு வாழையிலைச் சாப்பாடு. ஒரு பருக்கை விடவில்லை. மேனேஜர் சம்பத் சார் காலி இலையைப் பார்த்துவிட்டு, "நல்ல பசி போல. இன்னும் போடுப்பா" என்றார். மறுபடி காலி. மறுபடி சோறு. மனுஷர் நெற்றியெல்லாம் வியர்வை.

16-7-97
ஒகாதா சார் வரவில்லை. வயிறு சரியில்லையாம்.

17-7-97
போதும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்ரியோ" என்று சிரித்தார்.

தயக்கம், கூச்சம் - ஜப்பானியப் பரீட்சைக்கு இப்படித்தான் மனப்பாடம் செய்து பாஸானேன். இன்று பெரிய அகராதியைப் புரட்டினேன். இரண்டே எழுத்து, அவர்கள் மொழியில் எழுத்துக்கு எழுத்து அர்த்தம் உண்டு: தூரம், யோசனை. எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாதென்று தூரம்வரை யோசித்துத் தன்னை அடக்கிக்கொள்வது. அவர் சொல்லாததை எதிரில் இருப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்களே!

அவர் ஊரில் மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை. நம் ஊரில் இலையை மூடும்வரை பரிமாறுவோம். இரண்டு மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு வயிறு.

18-7-97
அவர் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் நான் என் இலையை மெதுவாக மூடினேன். என் கையைப் பார்த்தார். அவரும் மூடினார். சோற்று வாளி தாண்டிப் போய்விட்டது. மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை.

21-7-97, திங்கள்
ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும். பேச்சு பாதியில் நிற்க, ஒகாதா சார் பேனாவை மூடினார். "இன்றைக்குப் போதும்." இனி தினமும் இந்த நேரத்தோடு மீட்டிங் முடிந்துவிடுமாம். என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார்.

நான் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்க நான் பட்ட பாட்டை அவர் பார்த்திருக்கிறார்.

வெயில் இருக்கும்போதே சிட்லபாக்கம் வந்துவிட்டேன். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒருவழியா கேட்டுட்டியா?" என்றாள் பேபி அக்கா.

"இல்லக்கா. கேக்கவே இல்ல."