சுலக்ஷனாவை அனுப்பல

அன்பு மகனுக்கு,

சுலக்ஷனா பரீட்சையில பெயிலானதால கொழும்புக்கு, கார்மெண்ட்ஸ் வேலைக்கு அனுப்பச் சொல்லியிருந்த. உன் மகளுக்குப் புத்தகத்தைப் பார்த்தா ஒண்ணும் ஏறல. லயத்துல பக்கத்துக் காம்பரா வீட்டுப் புள்ள சத்தமா வாசிச்சா, ரொட்டி தட்டிக்கிட்டே கேட்டு அப்படியே திருப்பிச் சொல்றா. எழுத்துத் தெரியாத நானும் காமன் கூத்துப் பாட்டெல்லாம் காதால கேட்டுத்தானே படிச்சேன்.

“இன்னொரு தடவ எழுதுறேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க தாத்தா”ங்கிறா. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறதும் அவதான்.

உனக்கும் எட்டாம் வகுப்புல பாடம் ஏறல. ஆனா பழுதான ரேடியோவைப் பிரிச்சுப் பார்த்தே சரிபண்ணிருவ. மண்டையில ஒண்ணுமில்லைன்னு நான்தான் தேயிலைத் தோட்ட வேலைக்குப் பேர் பதிய உன்னை, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப் போனேன். நீ காலுல பள்ளிக்கூடச் சப்பாத்தோட வந்து நின்ன. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

இவளை அனுப்ப மாட்டேன். கோபம்னா என்மேலயே வச்சுக்க.

உன் அப்பா