இருபது துண்டு மிச்சமிருந்த டப்பா

சிதம்பரம்
ஆடி கடைசி வெள்ளி

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், முட்டிவலி மட்டும் உன்னை விட்டுப் போவேனா என்கிறது, அந்த ஊர் வெயிலில் உனக்கு ஒரு குறையும் வராமல் ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே டூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், வருஷத் திதிக்கும் வரவில்லை என்று ஒரே வரியில் மெசேஜ் போட்டுவிட்டாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். பக்கத்து வீட்டு பொன்னியின் தம்பி அன்புமணி லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான், அவனிடம் இதையும் ஒரு டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். டப்பா உனக்குத் தெரிந்ததுதான், போன வருஷம் லீவில் வந்தபோது அப்பாவுக்கு அந்த ஊர் இனிப்பு பக்லாவா கொண்டுவந்தாயே, அந்தத் தகர டப்பா. உள்ளே இருப்பதும் பக்லாவாதான், நான் செய்தது. குவைத்துக்கே பக்லாவா அனுப்புற ஆளு நீதான்க்கா என்று பொன்னி காலையிலிருந்து சிரிக்கிறாள்.

படையலில் அப்பாவுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு ஏடாக உரித்துத் தின்றுவிட்டு புஸ்தக முட்டாய் என்று பேர் வைத்தவராயிற்றே. அண்ணாமலை நகரில் நான் சமைக்கப் போகிறேனே, காயத்ரி மேடம், அவர்கள் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல மைதாவில் உப்பும் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசைந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். குழவியால் எவ்வளவு தேய்த்தும் சப்பாத்தி கனத்துக்கு மேல் மெலியவில்லை. முதல் தடவை சுட்டு எடுத்தது ஓட்டாஞ்சில்லு மாதிரி இருந்தது, மேடம் பல்லுக்குப் பயந்து தொடவே இல்லை. அப்புறம்தான் பொன்னி வீட்டுக்காரர் அய்யனார் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருஷமாகப் பரோட்டா போடுகிறவர், மாவை வீசினால் துணி மாதிரி விரியும். கூப்பிட்டதும் மேடம் வீட்டுக்கே வந்தார், மேஜையில் எண்ணெய் தடவி இரண்டு வீசு வீசினார், மேஜை விரிப்பில் இருக்கிற ரோஜாப்பூ மாவுக்கு அடியில் தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதற்குள் அந்த மனுஷன் அதைக் கொசுவிச் சுருட்டி உருண்டையாக ஓரத்தில் வைத்துவிட்டார். என்னாங்க இது என்றால், கை பழகிப்போச்சுக்கா, அது பாட்டுக்கு சுத்துது என்கிறார். அடுத்ததையும் சுருட்டினார். மூன்றாவதுக்கு பொன்னி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். சுருட்டின இரண்டையும் கல்லில் போட்டுக் குருமாவோடு சாப்பிட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஏடு விரித்து, தோசைக்கல்லுக்குத் தேய்க்கிற மாதிரி துணி முடிச்சால் நெய் தொட்டுத் தடவி, அதன்மேல் இன்னொரு ஏடு. இப்படி ஆறு ஏடு, நடுவில் பண்ருட்டி முந்திரியும் ஏலக்காயும் பொடித்துத் தூவி, மேலே ஆறு ஏடு. பிஸ்தா நமக்கு எதற்கு, நம் பக்கம் முந்திரிக்குப் பஞ்சமா. சுடுவதற்கு முன்னாலேயே கத்தியால் துண்டு போட்டுவிட வேண்டும், வெந்த பிறகு வெட்டினால் நொறுங்கிவிடும். பாதுஷா நினைப்பில் சூட்டோடு சூடாகத் தேன்பாகை ஊற்றி ஒரு தட்டு முழுக்கச் சொதசொத என்று ஆனது. பாகு ஆறியிருக்க வேண்டும், தட்டு சுட வேண்டும், ஊற்றினால் சொய்ங் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தபோது உன் அப்பா இல்லையே என்று அழுதுவிட்டேன். மேடம் அடுப்பை நிறுத்தினார்கள்.

இனி முக்கியமானது. சாவு வீட்டில் உன் கொளஞ்சி அத்தை சொன்னது உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். சக்கர வியாதி இருக்கிறவனுக்கு மவ கொண்டாந்த இனிப்புதான் எமனா வந்துச்சு என்றார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், பேசவில்லை. அப்போது எனக்கு நாக்கே இல்லை, ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தது என் தப்பு, அம்மாவை மன்னித்துவிடு. அந்த டப்பாவில் இருந்தது இருபத்திநாலு துண்டு. நீ பிரித்த அன்று ஒன்று கொடுத்தேன், மறுநாளே டப்பாவை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று மூன்று வாரம். நாலாவது வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்து டிரம்மைத் திறந்தால் இருபது துண்டும் இருந்தது, காக்காய்க்கு வைத்தேன். நாலு துண்டு இனிப்பு ஆளைக் கொல்லுமா, நர்ஸ் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா. ரத்தக்குழாய் பல வருஷமாவே அடைச்சிருக்கும்மா, பீடி பிடிப்பாரா என்றுதான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

போன வாரம் அத்தை வந்தார்கள். வருஷம் திரும்பாத வீட்ல பலகாரம் போடுறியாடி சின்னம்மா என்று வாசலிலேயே ஆரம்பித்தார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கலியே அண்ணி, அடுப்பே மேடம் வீட்டு அடுப்பு என்றேன். படையலுக்குத் தம்பி குடிக்கிற பீடிக்கட்டு ஒண்ணு வாங்கியாந்திருக்கேன் என்று எடுத்து வைத்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, பீடி வைக்க மாட்டேன், எம் பொண்ணு பேரச் சொல்லி இதத்தான் வைப்பேன் என்று டப்பாவைக் காட்டி, டாக்டர் கேட்டதையும் இருபது துண்டையும் சொன்னேன். அத்தை முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு முந்திரிக்குத் தோல் உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். போகும்போது பீடிக்கட்டைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு, கயல வரச் சொல்லு, நான் சொன்னது தப்புதான் என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதிசயம், அதை வீணாக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை. டப்பாவில் ஆறு துண்டு இருக்கிறது, அன்புமணி வழியில் திறக்காமல் இருந்தால். அப்பா மாதிரி உரித்து உரித்துச் சாப்பிடு, அழுகை வந்தால் அழுதுகொண்டே சாப்பிடு, ஆனால் சாப்பிடு. ஆவணி தேய்பிறை சப்தமியன்று திதி. படையலில் பக்லாவாவை அந்த டப்பாவில்தான் வைக்கப்போகிறேன், அதனால் டப்பா எனக்கு வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே, கழுவித் துடைத்து உன் கையில் எடுத்துக்கொண்டு வா.

உன் அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து,
இப்படிக்கு,
உன் அம்மா
அ. சின்னம்மாள்